ஓரெத்தின் உடம்பில் எத்தனை பேர்

ஓரெத் போய்ச் சேர்ந்துவிட்டாள். இனி அவளைப் பற்றித் தாராளமாகப் பேசலாம்.

சாம்பல்சேறு என்கிற எங்கள் ஊரில், சேற்றில் நட்ட கம்பங்கள்மேல் நிற்கும் வீடுகளில் எனக்கு அடுத்தது அவளுடையது. கிழங்கு தோண்டிப் பிழைத்தவள். பெரிய அழகியும் இல்லை, வாயாடியும் இல்லை. ஊர்ச் சண்டை எதிலும் அவள் பெயர் அடிபட்டதில்லை. அப்படிப்பட்டவர்களைத்தான் நான் முதலில் சந்தேகப்படுவேன்; என் புத்தி அப்படி. புருஷன் மீக்ரு அவளுக்கு நேரெதிர். ஊரையே சிரிக்க வைப்பான். மண்வெட்டியை இடக்கையில்தான் பிடிப்பான். யார் வீட்டு அடுப்பில் எது வெந்தாலும் முதல் கிழங்கு அவன் வாய்க்குள் போகும். பிள்ளை இல்லை. சாயங்காலம் இரண்டு பேரும் சேற்றிலிருந்து கைகோத்துக்கொண்டு ஏறி வருவார்கள், பார்க்கச் சகிக்காது.

மீக்ரு செத்த அன்றுதான் எல்லாம் ஆரம்பித்தது. மூச்சு நின்றதும் ஆளுக்குள் குடியிருக்கும் உயிர், உள்ளாள் என்போம், தொண்டை வழியாக வெளியே வந்துவிடும், உள்ளங்கை அகலத்துக்கு, வழவழவென்று. உடம்பு ஆறுவதற்குள் அதை ஈரப்பானையில் வைத்துத் தாய்க்குளத்தில் விட்டுவிட வேண்டும். பிள்ளைகள் வளர்ந்ததும் விழுங்குகிற உள்ளாளும் அதே குளத்திலிருந்துதான் வருகிறது. நம் இரத்தத்தைக் குடித்துக்கொண்டு, இந்தச் சேற்று நஞ்சில் நமக்கு மூச்சு கொடுப்பது அதுதான்.

பானையை ஓரெத் எடுத்துக்கொண்டு போனாள். நான் ஒட்டினாற்போலப் பின்னாலேயே போனேன். குளக்கரையில் எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு குனிந்தாள். உள்ளாள் வந்து சேர்ந்தால் குளம் குமிழியிடும். அன்றைக்குப் பார்த்து நல்ல மழை, குளம் முழுக்கவே குமிழி. எல்லோரும் அழுதார்கள். நான் பானையைப் பார்த்தேன். குளத்துக்கு வரும்போதே அதைக் காலிப் பானை போல ஒற்றை விரலில் தொங்கவிட்டுக்கொண்டு வந்திருந்தாள்.

அதற்குப் பிறகு எனக்கு ஏது நிம்மதி? உச்சிப் பொழுதில் உள்ளாள் தூங்கும். அந்நேரம் ஊரே கதவைச் சாத்திக்கொண்டு படுத்துவிடும். சேற்றில் இறங்கினால் மூச்சு நெரிந்துவிடும். ஓரெத் அந்த நேரத்தில் தோண்டினாள். ஜன்னல் இடுக்கு வழியாக நானே பார்த்தேன். மண்வெட்டி இடக்கையில் இருந்தது.

ஒருநாள் அவள் சாப்பிடும்போது போய் உட்கார்ந்தேன்.

"ஏண்டி ஓரெத்து, ரெண்டாள் சோத்த ஒத்த ஆளா திங்கிறியே, அது வயிறா வாய்க்காலா?"

"துக்கம்க்கா. துக்கத்துல பசிக்குது."

"எனக்கெல்லாம் துக்கம்னா தண்ணிகூட இறங்காது."

"உங்களுக்கு எதுக்குக்கா துக்கம்? ஊர்ல இத்தன ஜன்னல் இருக்கு" என்று சிரித்தாள். சிரிப்பு மீக்ருவின் சிரிப்பு.

ஓர் உடம்பில் இரண்டு பேர் இருக்கக் கூடாது என்பது எங்கள் ஊர்ச் சட்டம். இருந்தால் தொண்டையைக் கீறி ஒன்றை எடுத்துவிடுவார்கள். பிழைத்தவர் யாரையும் நான் கண்டதில்லை. அது தெரிந்தும்தான் தலைவர் பாஸேனிடம் போய்ச் சொன்னேன். சொன்னது தப்பென்று இப்போதும் நினைக்கவில்லை. இரண்டு பேர் உறிஞ்சினால் ஒருத்தியின் இரத்தம் எத்தனை காலம் தாங்கும்?

ஊரைக் கூட்டினார்கள். நனைந்த உள்ளங்கையோடு உள்ளங்கை சேர்த்தால் உள்ளாள்கள் பேசிக்கொள்ளும். எதிராளிக்குள் எத்தனை பேரோ, அத்தனை துடிப்பு நம் மணிக்கட்டில் தெரியும். மனுஷன் பொய் சொல்வான், உள்ளாள் சொல்லாது. இது எங்கள் ஊர்ப் பச்சைப் பிள்ளைக்கும் தெரிந்த விஷயம்.

"லூவா, நீயே கை வை. நீதான கெளப்பிவிட்ட" என்றார் பாஸேன். அவர் மடியில் கத்தி இருந்தது. ஓரெத் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் கை சில்லிட்டுப் போயிருந்தது.

துடித்தது. ஒரு துடிப்பு. இன்னொன்றுக்குக் காத்திருந்தேன். கையை அழுத்திப் பார்த்தேன். வரவே இல்லை.

"என்ன லூவா, வாயத் தொற."

"ஒண்ணுதான்" என்றேன்.

"அடுத்து தன் உள்ளாள் மேலயே சந்தேகப்படுவா, பாத்துக்கிட்டே இருங்க!" என்று யாரோ கத்த, கூட்டம் சிரியோ சிரியென்று சிரித்தது. வெட்கம் பிடுங்கித் தின்றது. வீடு வந்து சேரும்வரை தலை நிமிரவில்லை.

ஆனாலும் மனசு கேட்கவில்லை. மறுநாள் உச்சிப் பொழுதில் ஜன்னலைத் திறந்தால், அதே சேற்றில் அதே ஓரெத் தோண்டிக்கொண்டிருக்கிறாள். ஆத்திரம் கண்ணை மறைக்க, மூச்சை இழுத்துப் பிடித்துக்கொண்டு இறங்கினேன். பாதி தூரம் போன பிறகுதான் தெரிந்தது, மூச்சைப் பிடிக்க வேண்டிய அவசியமே இல்லை. சுகமாக மூச்சு விட்டுக்கொண்டிருந்தேன். என் உள்ளாள் விழித்திருந்தது. இத்தனை காலம் ஒவ்வோர் உச்சியிலும் அது தூங்குகிறது என்றுதானே நம்பிப் படுத்திருந்தேன்!

"எத்தன பேருடி உள்ள?" என்று கேட்டேன்.

அவள் மறைக்கவில்லை. "ரெண்டு பேர்தான்க்கா. அவர கொளத்துல விட்டா எல்லாரோடயும் கலந்துருவாரு. அப்புறம் எந்தப் பிள்ளகிட்ட எவ்வளவு இருக்காருன்னு யாரு கண்டா? எனக்கு மனசு வரல. முழுங்கிட்டேன்."

"செத்துப் போவடி, பைத்தியக்காரி!"

"மெதுவாத்தான்க்கா குடிக்கிறாரு."

"அப்ப நேத்து ஒண்ணுதான துடிச்சுது?"

"அத உங்க உள்ளாளக் கேளுங்க." அவள் என் முகத்தைப் பார்க்கவில்லை, நெஞ்சைப் பார்த்தாள். பிறகு கேட்டாள்: "ஊர்ல சொல்லிருவீங்களாக்கா?"

இப்போதே போய்ச் சொல்கிறேன் என்று வாயைத் திறந்தேன். மூச்சு நின்றது. நஞ்சு இல்லை, அது எரியும், எனக்குத் தெரியும். இது எரியவில்லை. உள்ளே யாரோ நிதானமாகக் கதவைச் சாத்தியது போல இருந்தது. சேற்றில் விழுந்தேன். கண் இருட்டிக்கொண்டு வந்தது.

ஓரெத் மண்வெட்டியைப் போட்டுவிட்டு ஓடிவந்து என்னைத் தாங்கிக்கொண்டாள். என் நெஞ்சில் தட்டித் தட்டி அழுதாள். "விட்டுரு! அவங்க சொன்னா சொல்லிட்டுப் போகட்டும், அவங்கள விட்டுரு!" அவள் கெஞ்சியது என்னிடம் இல்லை.

அது விடவில்லை. சொல்ல மாட்டேன் என்று நான் தலையை ஆட்டினேன். அதற்குப் பிறகுதான் மூச்சு வந்தது.

ஓரெத் அப்புறமும் வெகுகாலம் இருந்தாள். இளைத்துக்கொண்டே போனாள், சிரித்துக்கொண்டே இருந்தாள். தினமும் என் கிழங்கில் பாதியை எடுத்துக்கொண்டு போய் அவளுக்குக் கொடுத்தேன். ஊரில் என்னை ரொம்ப நல்லவள் என்றார்கள். அவள்மேல் இரக்கப்பட்டது நானா, என் உள்ளாளா என்று எனக்கு இன்றுவரை தெரியாது.