மூன்றாவது முகட்டிலிருந்து ஒரு போன்

போன மே மாதம் நானும் என் மச்சினனும் விடிந்ததும் தோட்ட வேலையாட்கள் போகும் ஜீப்பில் ஏறி, போடிமெட்டில் இறங்கினோம். ஏலத்தோட்டங்களைத் தாண்டி, புல் மூடிய முகடுகளின் மேல் நாள் முழுக்க நடந்தோம். மேகம் எங்களோடு கூடவே வந்தது. சில நேரம் முன்னால் போகிறவனின் இருமல் மட்டும் கேட்கும், ஆளைக் காணோம். நடக்கிறேனா, தூங்குகிறேனா என்றே எனக்குத் தெரியவில்லை.

மூன்றாவது முகட்டில் மேகம் விலகியது. வெகு கீழே எங்கள் ஊர் போடி தெரிந்தது. போனில் சிக்னல் வரவும் மனைவியை அழைத்தேன்.

"எங்கங்க இருக்கீங்க?"

"உச்சியில. நம்ம ஊரு தெரியுது."

"இருங்க, மாடிக்குப் போறேன்." படியேறும் மூச்சு கேட்டது. "கொடியில கெடந்த சேலைய எடுத்து வீசிக் காட்டுறேன். தெரியுதா?"

எங்கள் தெருவே எனக்குத் தெரியவில்லை. வெயிலில் ஊர் முழுதும் ஒரே வெண்மையாகக் கலங்கிக் கிடந்தது.

"நல்லாத் தெரியுது," என்றேன்.

"நீங்களும் கையாட்டுங்க."

ஆட்டினேன். மச்சினனும் தலைத்துண்டை அவிழ்த்து வீசிக் காட்டினான்.

"ரெண்டு பேரும் தெரியுறீங்க," என்றாள்.

அவ்வளவு தூரத்தில் யாருக்கும் யாரும் தெரியமாட்டார்கள். ஆனாலும் வெகு நேரம் நான் கையை இறக்கவில்லை.