இரண்டு புஞ்சை இலை

மகள் இப்போது பள்ளிக்கூடம் போகிறாள். ஆனாலும் "ஒரே இலைதானே" என்று யாராவது சொன்னால் எனக்கு உடம்பு பற்றி எரிகிறது.

கோவில்பட்டிக்குத் தெற்கே ஒரு கரிசல் கிராமத்தில் வாழ்க்கைப்பட்டேன். புகுந்த வீட்டில் பருத்தியோடு நிலவாகையும் பயிர். அதன் இலை பேதி மருந்துக்காகத் தூத்துக்குடியில் கப்பல் ஏறும். வீட்டில் யாருக்கு வயிறு கட்டினாலும், என் மாமியார் ஒரு சிட்டிகை காய்ந்த இலையை வெந்நீரில் ஊறப்போட்டுக் கொடுப்பார்.

அந்த வருடம் கிழக்குப் புஞ்சையில் இலைப்புள்ளி விழுந்தது. என் கணவர் பூஞ்சைக்கொல்லி அடித்தார். புள்ளி நின்றது, ஆனால் இலையில் பழைய வேகம் இல்லை. மாமியார் சிட்டிகையை இரண்டாக்கினார்.

எனக்குச் சந்தேகம். கல்லூரியில் தாவரவியல் பேராசிரியை புள்ளியே இல்லாத ஓர் இலையைச் சீவி மைக்ராஸ்கோப்பில் காட்டியிருந்தார். உள்ளே நூல் நூலாகப் பூஞ்சை. செடிக்குக் கெடுதல் செய்யாமல் குடியிருக்கிறது, மருந்துச் சத்து கூடுவதிலும் குறைவதிலும் அதற்குப் பங்கு இருக்கலாம் என்றார். நாம் அடித்த மருந்து அதையும் கொன்றிருக்குமோ? சாப்பிடும்போது வீட்டில் சொன்னேன்.

"கேட்டியாலே, இலைக்குள்ள காளான் குடித்தனம் நடத்துதாம்! வாடகை வாங்கிட்டு வரச் சொல்லு ஒம் பொண்டாட்டிய" என்றார் மாமியார். கணவரும் சேர்ந்து சிரித்தார்.

பிறகு மருந்து அடிக்காத மேற்குப் புஞ்சை இலை வந்தது. அதைத் தனி டப்பாவில் வைத்து, "கலந்துராதீங்க அத்தே" என்று சொல்லிவிட்டுத் தண்ணீருக்குப் போனேன். திரும்புவதற்குள் அந்த டப்பாவிலிருந்தே இரண்டு சிட்டிகை ஊறி, வயிறு கட்டியிருந்த, பேச்சுகூட வராத என் மகளின் வயிற்றுக்குள் போயிருந்தது.

சாயங்காலத்துக்குள் பேதி நிற்காமல் போய்ப் பிள்ளை துவண்டுவிட்டாள். கண் குழிந்து, நாக்கு வறண்டு, அழக்கூடச் சத்தம் இல்லை. பஸ் பிடித்துக் கோவில்பட்டி ஆஸ்பத்திரிக்கு ஓடினோம். டிரிப் ஏற்றிக்கொண்டே டாக்டர் என்னைத்தான் திட்டினார். "படிச்ச பொண்ணுதானம்மா நீ?"

பக்கத்தில் நின்ற மாமியார் சொன்னார்: "இப்பல்லாம் குடுக்குத அளவுதான் டாக்டரய்யா. ஒரே இலைதானே."

பிள்ளை பிழைத்தாள். வீட்டுக்கு வந்ததும் இரண்டு டப்பாக்களையும் எடுத்துக்கொண்டு எருக்குழிக்குப் போனேன். பூஞ்சைதான் காரணம் என்று என்னால் நிரூபிக்க முடியாது. மண்ணாக இருக்கலாம், வெயிலாக இருக்கலாம். தெரியாததை என் பிள்ளையின் வயிற்றிலா சோதித்துப் பார்ப்பது?

"ஏட்டி, என்ன செய்யுத?"

"கொட்டுதேன் அத்தே."

"ரெண்டையுமா?"

"ஒரே இலைதானே" என்றேன்.