மெடிக்கல்காரர் மகளுக்கு மலச்சிக்கல்

மருந்துக்கடை வைத்திருப்பவன் வீட்டில் யாருக்கும் எதுவும் வரக் கூடாது; வந்தால் தெருவே விசாரிக்கும், அதுவும் வியாபார நேரத்தில்.

சென்னை கொருக்குப்பேட்டையில் எனக்கு மெடிக்கல் ஷாப். சொந்த ஊர் தூத்துக்குடிப் பக்கம் என்பதால் இங்கே எல்லாருக்கும் நான் அண்ணாச்சி. என் மகள் ஜெனிக்கு இரண்டு வயது. ஒருநாள் அவளுக்கு ஆய் கெட்டியாக வந்து வலித்துவிட்டது. இனி அந்த வேலையே வேண்டாம் என்று முடிவு செய்துவிட்டாள். பிடிவாதம் எங்கள் குடும்பச் சொத்து. வீட்டில் இதே கூத்து நடக்கிற பெற்றோர் யாராவது இருந்தால் கிட்டே வாருங்கள், நாமெல்லாம் ஒரே கட்சி.

நடனம்

கடைக்குப் பின்னால்தான் வீடு. வயிறு முட்டினால் ஜெனி நேராகக் கடைக்கு வருவாள். மருந்துப் பெட்டியைப் பிடித்துக்கொண்டு, காலைப் பின்னிக்கொண்டு, குதிகாலைத் தூக்கி, முகம் சிவக்க நிற்பாள். பாவம், முக்குகிறாள் என்று நானும் என் மனைவி ஸ்டெல்லாவும் கூடச் சேர்ந்து முக்கிக் காட்டுவோம். குழந்தைகள் டாக்டரம்மாவிடம் காட்டினோம்; பார்த்துவிட்டு, அவள் வெளியே தள்ளவில்லை, உள்ளே அடக்குகிறாள் என்றார். இத்தனை நாள் நாங்கள் எதிரணிக்குக் கைதட்டியிருக்கிறோம்.

மீன் விற்கும் ராணி அக்கா பிரஷர் மாத்திரை வாங்க வந்தவர், ஜெனி நிற்பதைக் கொஞ்ச நேரம் ரசித்துப் பார்த்தார். "இன்னா அண்ணாச்சி, பாப்பா ஷோக்கா டான்ஸ் ஆடிக்கினு கீது, எங்கனா கிளாஸ்ல சேத்து வுடு."

வெற்றிலைக் காம்பு

மாடியில் குடியிருக்கும் தனம் அக்கா நல்ல மனசுக்காரி. வெற்றிலைக் காம்பை விளக்கெண்ணெயில் தோய்த்து எடுத்துக்கொண்டு இறங்கி வந்தார். அதை எங்கே வைப்பார்கள் என்று நம் கட்சிக்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. சத்தம் கேட்டு நான் உள்ளே ஓடுவதற்குள் வைத்தாகிவிட்டது. காம்பு வேலை செய்தது, பொய் சொல்லக் கூடாது. ஆனால் அன்றிலிருந்து ஜெனி யாரைக் கண்டாலும் பின்பக்கத்தைச் சுவரோடு ஒட்டிக்கொண்டாள். அடக்குவதும் அதிகமானது.

அடுத்த மாதமே தனம் அக்கா மகளுக்கு நிச்சயதார்த்தம். தாம்பூலத் தட்டு மாற்றுகிற நேரம். தட்டு நிறைய வெற்றிலை, எல்லாம் காம்போடு. ஜெனி அதைப் பார்த்து வீறிட்டு அலறியதில் தட்டை நீட்டியவர் அப்படியே நின்றுவிட்டார். கெட்ட சகுனம் என்று ஒரு முணுமுணுப்பு கிளம்பியது. எனக்கு உடம்பெல்லாம் வேர்த்துவிட்டது. மாப்பிள்ளையின் அப்பா துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிறவர். என்னைத் தனியே தள்ளிக்கொண்டு போய் விஷயத்தைக் கேட்டார், நானும் காதோடு சொன்னேன். சிரிப்பார் என்று பார்த்தால் என் தோளைத் தட்டினார்.

"எனுக்கும் சின்ன வயசுல வெச்சாங்க அண்ணாச்சி. இன்னி வரிக்கும் நான் பீடா போட்றது இல்ல."

பழகிரும்லா

காம்புக் கதையைக் கேட்டுவிட்டு டாக்டரம்மா ஒரு சிரப் எழுதிக் கொடுத்தார். பால், பிஸ்கட்டைக் குறைக்க வேண்டும். சாப்பிட்டதும் சின்ன ஆய் நாற்காலியில், பாதம் நன்றாக ஊன்றும்படி உட்கார வைக்க வேண்டும். அதட்டக் கூடாது. முக்கியமாக, சரியாகிவிட்டது என்று மருந்தை நீங்களே நிறுத்தக் கூடாது, மாதக்கணக்கில் ஆகும் என்றார்.

சில வாரங்களில் இளகி வந்தது. வீட்டில் பண்டிகைக் களை. அந்தச் சந்தோஷத்தில் ஸ்டெல்லா என்னிடம் சொல்லாமலே சிரப்பை நிறுத்திவிட்டாள். கேட்டதற்கு, பிள்ளைக்கு மருந்து பழகிரும்லா என்றாள். கடைக்கு வருகிற அத்தனை தாய்மாரும் கேட்கிற கேள்வி அது. பழகாது என்று அத்தனை பேருக்கும் பதில் சொல்கிற கடை என்னுடையது. மறுபடி கல்லாக இறுகி, ரத்தக் கீறலோடு வந்தது. ஜெனி என் சட்டையைப் பிடித்துக்கொண்டு, வேணாம்ப்பா, வேணாம்ப்பா என்று கதறினாள். அன்றைக்குக் கடையில் உட்கார்ந்து நான் அழுதேன். யார் பார்த்தால் என்ன.

திரும்ப டாக்டரம்மாவிடம் ஓடினோம். மருந்து பழகாது, அவள் அடக்கிப் பழகியதுதான் சிக்கல் என்று ஸ்டெல்லாவுக்குப் பொறுமையாகச் சொல்லி, சிரப்பை மறுபடி தொடங்கினார். கடையில் மருந்து எடுத்துக் கொடுக்கும் மேகலா எல்லாவற்றையும் கேட்டுவிட்டுச் சொன்னாள்: "கஸ்டமராண்ட பேசறப்போ இனிமே கொஞ்சம் சத்தமா பேசுங்க அண்ணாச்சி, உள்ள அண்ணி காதுல வுழட்டும்."

ஆச்சா?

இதற்குள் தெரு முழுக்க விஷயம் பரவி, பால்காரர் முதல் கேஸ் சிலிண்டர் போடுகிறவர் வரை ஜெனியைப் பார்த்து, ஆச்சா என்று கேட்க ஆரம்பித்தார்கள். குழந்தை முன்னால் அந்தப் பேச்சே கூடாது என்பது டாக்டரம்மா உத்தரவு. கேட்டால் மருந்து கிடையாது என்று மேகலா சொல்லிவிட்டாள். ராணி அக்கா மட்டும் புருவத்தைத் தூக்கிக் கேட்பார்.

மாதங்கள் போயின. ஒரு சாயங்காலம் கடையில் நல்ல கூட்டம். கன்டெய்னர் லாரி ஓட்டுகிற ஒருவர், தன் மகனுக்கு டாக்டர் எழுதிய சீட்டோடு நின்றார். அதே சிரப். வாங்கவும் மனமில்லை, போகவும் மனமில்லை. இது வேலை செய்யுமா, பிள்ளைக்கு ஒன்றும் ஆகாதே என்று கேட்டுக்கொண்டே இருந்தார். நான் விளக்கிக்கொண்டே இருந்தேன். நடுவில் ஜெனி எப்போது உள்ளே போனாள், தானாகவே எப்போது நாற்காலியில் உட்கார்ந்தாள் என்று நான் கவனிக்கவில்லை.

"அப்பா, ஆய் வந்துச்சு! வலிக்கல!"

  கூட்டத்தில் நின்ற ராணி அக்கா முந்தானையால் கண்ணைத் துடைத்தார். லாரிக்காரர் சீட்டை என் பக்கம் தள்ளினார்.

"அந்தப் பாப்பா குடிக்கிறதுதானே இது? ரெண்டு பாட்டிலா குடு அண்ணாச்சி."

கம்பெனிக்காரர்கள் என் கடைச் சுவரில் ஒட்டிவிட்டுப் போன விளம்பரங்களில் ஒன்றுகூட இதுவரை இப்படி ஒரு வியாபாரம் பண்ணிக் கொடுத்ததில்லை.