நடுக்கடலில் ஒரு பேனா ஏலம்

கோலா கெடாவிலிருந்து லங்காவி தீவுக்குப் போகும் பெர்ரிக் கப்பலில் அந்த அக்கா என் பக்கத்து இருக்கையில் இருந்தார். நரைத்த கிராப்பு, சிவப்புச் சட்டம் போட்ட மூக்குக்கண்ணாடி. போனைத் தொடும் முன் ஒவ்வொரு முறையும் கட்டைவிரலைச் சால்வையில் துடைத்துக்கொள்வார்.

இணையத்தில் ஏலத்துக்கு வந்திருந்த ஒரு பழைய மைப்பேனாவின் படத்தைக் காட்டினார். பச்சை உடல், தங்க முள். நாங்கள் கரை சேர்வதற்குள் ஏலம் முடிந்துவிடும்.

"இதே மாதிரி பேனா ரெண்டு தடவை கைநழுவிப் போச்சு தம்பி. இப்பக் கேட்கவா, விடவா?"

"கொஞ்சம் கொஞ்சமா ஏத்திக் கேளுங்கக்கா."

"ஆத்தைத் தாண்டிக் கடலுக்குள்ள போனா போன் லைன் போயிரும் லா!" என்றவர் சட்டென்று நிமிர்ந்து உட்கார்ந்தார். "எங்க ஊரு பாடாங் செராய் கோயில்ல எலுமிச்சம்பழம் ஏலம் விடுவாங்க. அஞ்சு அஞ்சு வெள்ளியாக் காசை ஏத்துனவன் எவனும் பழத்தோட வீட்டுக்குப் போனதில்ல. எடுத்ததுமே ஒரே தாவு. எதிராளி வாயைத் திறக்கக் கூடாது."

விரலைத் துடைத்தார். அவர் தட்டிய தொகையின் சுழியங்களை நான் இரண்டு முறை எண்ணிப் பார்த்தேன். கொஞ்ச நேரத்தில் லைன் போய்விட்டது. அவர் நிம்மதியாகத் தூங்கிவிட்டார். நான் அவர் போனையே பார்த்துக்கொண்டு வந்தேன்.

தீவு தெரிந்ததும் போன் சிணுங்கியது. பேனா அவருக்குத்தான்!

"கோயில்னா ஜெயிச்சவங்க பேரை மைக்குல சொல்வாங்க," என்றார் ஏக்கத்தோடு.

கூட்டத்தில் வாயே திறக்காத நான் எழுந்து நின்றேன். அப்போதுதான் உறைத்தது, அவர் பெயரை நான் கேட்கவே இல்லை.

"பச்சைப் பேனா பாடாங் செராய் அக்காவுக்கே!" என்று பெர்ரியே அதிரக் கத்தினேன்.

விஷயம் புரியாத மலாய்க்காரப் பயணிகளும் கைதட்டினார்கள். அக்கா எழுந்து, நாலு பக்கமும் திரும்பிக் கும்பிட்டார்.