அரைக் கோப்பை டீ

கிர்கிஸ்தானில் டாக்டருக்குப் படிக்கும் பேத்தியைப் பார்க்கப் போனார் என் மாமனார். அவளுக்குப் பரீட்சை. அதனால் அவர் மூன்று நாள் தங்க, அங்கே ஏரிக்கரை மலைக்கிராமம் ஒன்றில், ஒரு குடும்பம் வசிக்கும் வீட்டிலேயே ஓர் அறையை ஆன்லைனில் பிடித்துக் கொடுத்தேன்.

இன்று பல்லாவரம் தாண்டி பஸ்ஸில் நின்றுகொண்டிருந்தபோது வீடியோ கால்.

"ஏம்மா, இந்த வீட்டுக்கார அம்மா ஒவ்வொரு தடவையும் அரை கப் டீதான் ஊத்துறாங்க. கேபிள்காரருக்குக்கூட நாம முழு டம்ளர் குடுப்போம். நெறைய ஊத்தச் சொல்லு."

"விடுங்களேன் மாமா."

"நீதானே புக் பண்ணே? நீயே சொல்லு."

ஒரு கையில் கம்பி, மறு கையில் போன். மொழிபெயர்ப்பு ஆப்பில் போட்டு அந்த அம்மாவுக்கு அனுப்பினேன்: "அவருக்குக் கோப்பை நிறைய ஊற்றுங்கள்."

தாம்பரத்தில் பதில் வந்தது.

"எங்கள் வழக்கத்தில் அரைக் கோப்பை என்றால், இன்னும் இருங்கள், மறுபடி ஊற்றுகிறோம் என்று அர்த்தம். நிறைய ஊற்றினால், குடித்துவிட்டுக் கிளம்புங்கள் என்று அர்த்தம். அவர் கிளம்ப விரும்பினால் தடுக்க மாட்டோம். எங்களிடம் என்ன குறை?"

பதறிப்போய் மாமாவைக் கூப்பிட்டேன். லைன் போகவில்லை. அந்த அம்மாவுக்கு அனுப்பிய விளக்கமும் ஒற்றை டிக்கோடு நிற்கிறது.

கடைசியாக மாமா அனுப்பிய போட்டோ மட்டும் வந்திருக்கிறது. விளிம்புவரை டீ. கீழே, "இப்பதான்மா மரியாதை!"

கோப்பைக்குப் பின்னால், வாசலோரம், யாரோ எடுத்து வைத்த அவருடைய பெட்டி.

பஸ்ஸில் நின்றபடியே மாமனாரை வீட்டைவிட்டு அனுப்பிய மருமகள் வேறு யாராவது இருந்தால், அடுத்து என்ன செய்தீர்கள் என்று சொல்லுங்கள்.