ஆள்காட்டியின் மூன்று விரல்

நான் எழுதிய அட்டையை மேடம் கையில் வாங்கிப் படித்த காலையை நினைத்தால் இன்றும் எனக்குக் காது சூடாகிறது. ‘மஞ்சள்மூக்கு ஆள்காட்டி. மரக்கிளைகளில் அமர்ந்து வாழும் பறவை.’ அழகாக அச்செடுத்து, ஓரம் பிசிறில்லாமல் வெட்டி, பெருமையாக நீட்டியிருந்தேன். ஒரு தடவை படித்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு இன்னொரு தடவையும் படித்தார்.

“ஏட்டி, நீ ஆக்காட்டியப் பார்த்திருக்கியா?”

“சத்தம் கேட்டிருக்கேன் மேடம்.”

“அது கொப்புல உக்காருதுன்னு உனக்கு யாரு சொன்னா?”

நான் சுவரில் மாட்டியிருந்த ஓவியத்தைக் காட்டினேன். படத்தில் அது கிளையில்தான் உட்கார்ந்திருந்தது.

கோவில்பட்டியில் எங்களுடையது சின்ன அருங்காட்சியகம். மேடம் அதன் காப்பாட்சியர். புதூர்ப் பக்கம் ஆடு மேய்க்கும் வீட்டில் பிறந்து, படித்து அந்த நாற்காலிக்கு வந்தவர். நான் பஜாரில் வாப்பாவின் பாத்திரக் கடைக்குப் பின்னால் வளர்ந்தவள். எனக்குத் தெரிந்த பறவை காக்காயும் கோழியும். தற்காலிக வேலைக்குச் சேர்ந்த எனக்கு, கரிசல் காட்டுப் பறவைகளையும் அவற்றின் பழைய ஓவியங்களையும் பற்றிய கண்காட்சிக்கு விவர அட்டை எழுதும் வேலை வந்தது. என்ன தைரியத்தில் ஒப்புக்கொண்டேனோ!

கண்காட்சிக்கே அந்த ஆள்காட்டிப் படம்தான் மணிமகுடம். வெள்ளைக்காரன் காலத்தில் நம் ஊர் ஓவியர் ஒருவர் வரைந்தது, பேர் தெரியாது. சென்னையில் ஒரு பெரிய குடும்பம் இரவலாகக் கொடுத்திருந்தது. மூக்கோரம் தொங்கும் மஞ்சள் சதை, தலையில் கறுப்புத் தொப்பி, ஒவ்வொரு இறகின் விளிம்பு, எல்லாம் அப்படியே இருந்தது. கால் மட்டும் கிளையைச் சுற்றிப் பிடித்திருந்தது, நீளமான ஒரு பின்விரலோடு. அந்தக் காலத்தில் துரை பறவையைச் சுட்டு மேசைமேல் போட, ஓவியர் அதைப் பார்த்து வரைவது வழக்கம் என்று மேடம் சொன்னார். “பாவம், செத்ததைத்தானே பார்த்தாரு. பறவைன்னா கொப்பு இருக்கணும்னு ஒண்ணை வரைஞ்சு உக்கார வச்சிட்டாரு. அவரு தப்பு மன்னிக்கலாம். நம்ம தப்பை எப்படி மன்னிக்க? இது தெனமும் நம்ம காட்டுல ஓடுதே!”

ஆள்காட்டிக்குப் பின்விரலே இல்லை, அது கிளையில் உட்காராது என்ற உண்மையை அட்டையில் எழுத மேலிடத்து அதிகாரியிடம் தொலைபேசியில் அனுமதி கேட்டார். அவர் ஒரேயடியாக மறுத்தார். “படத்தைக் குறை சொல்லி அதுக்குப் பக்கத்திலேயே அட்டை வைப்பீங்களா? கொடுத்தவங்க மனசு கோணிப் படத்தைத் திருப்பிக் கேட்டா யார் பதில் சொல்றது? பின்விரல் இல்லைங்கிறதுக்கு உங்ககிட்ட என்ன ஆதாரம்? சின்ன வயசுல பார்த்தேன்னு சொல்லாதீங்க.”

மேடம் ரிசீவரை வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். “எங்க ஊரு ஆளுக வந்து பார்த்தா என்ன சொல்லுவாவ? ‘ஆடு மேய்ச்சவ மக ஆபீசருக்குப் படிச்சு, ஆக்காட்டியக் கொப்புல ஏத்திட்டா’ன்னு சிரிக்க மாட்டாவளா? ஆதாரந்தானே? எடுத்திருவோம்.”

அந்த வாரம் கோடை மழை ஒன்று பெய்திருந்தது. ஈர மண்ணில் பதியும் காலடித் தடத்தை அச்செடுக்க, மருந்துக்கடையில் மாவுக்கட்டுப் பொடி வாங்கிக்கொண்டு முதல் பஸ்ஸில் புதூர்ப் பக்கத்துத் தரிசுக்குப் போனோம். முதல் நாள் கரிசல் சொதசொதவென்று கிடந்தது. என் செருப்பு ஒவ்வொன்றும் ரெண்டு கிலோ கனத்தது; ஒன்று மண்ணுக்குள்ளேயே போய்ச் சேர்ந்தது. மேடம் சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு வெறுங்காலோடு நடந்தார். மறுநாள் ஈரம் சரியாக இருந்தது. ஆனால் எங்களுக்கு முன்னால் செம்மறிக் கூட்டம் நடந்து எல்லாத் தடத்தையும் அழித்திருந்தது. எனக்கு அழுகையே வந்துவிட்டது. “போதும் மேடம், அட்டையில பேரை மட்டும் போட்டு விட்டுருவோம்” என்றேன். “நீ வேணா நாளைக்கு வராத. நான் வாரேன்” என்றார். அப்படிச் சொன்னால் எப்படிப் போகாமல் இருப்பது?

மூன்றாம் நாள் ஆள்காட்டியைப் பார்த்தோம். விறுவிறுவென்று ஓடி, நின்று, எங்களைத் திட்டிவிட்டு மறுபடி ஓடியது. அது ஓடிய இடத்தில், பாதி காய்ந்த கரிசலில், முத்திரை குத்தியது போலத் தடங்கள். முன்னால் மூன்று விரல். பின்னால் ஒன்றுமில்லை. மேடம் மண்டியிட்டு மாவைக் குழைத்து ஊற்றினார். அன்றிலிருந்து படத்தை மட்டும் பார்த்து ஒரு வரி எழுத எனக்குக் கை வருவதில்லை. இப்போது வேறு ஊரில் வேறு அருங்காட்சியகத்தில் இருக்கிறேன், அங்கேயும் அப்படித்தான்.

புது அட்டையை மேடமே எழுதினார். ‘இறகுகளை இவ்வளவு நுட்பமாக வரைந்த ஓவியர், உயிரற்ற பறவையைப் பார்த்து வரைந்திருக்க வேண்டும். இப்பறவை கிளையில் அமராது. இதற்குப் பின்விரல் இல்லை. தரையில் ஓடும், தரையிலேயே முட்டையிடும். இதன் காலடி அச்சு அருகில் உள்ளது.’ கீழே தன் பெயரைப் போட்டார். விவர அட்டையில் யாரும் பெயர் போடுவதில்லை.

திறப்பு விழாவன்று அதிகாரி அதைப் படித்து முகம் சிவந்தார். “உடனே எடுங்க.” மேடம் கையைக் கட்டிக்கொண்டு சொன்னார்: “எழுத்துல ஆர்டர் குடுங்க சார், எடுக்கேன்.” அவர் கொடுக்கவில்லை. ஆனால் படத்துக்காரர்கள் ஒரு வார்த்தை புகார் சொன்னால் போதும், உங்களை எங்கே மாற்றுவது என்று எனக்குத் தெரியும் என்று சொல்லிவிட்டுப் போனார்.

கண்காட்சி முடிந்ததும் படத்தை வாங்கிப் போக அந்தக் குடும்பத்து மூத்த அம்மாளே வந்துவிட்டார். அட்டை முன்னால் வெகுநேரம் நின்றார். பிறகு படத்துக் காலையும் மாவு அச்சையும் மாறி மாறிப் பார்த்தார்.

“எங்க தாத்தா காலத்திலேர்ந்து வீட்டு ஹால்ல மாட்டியிருக்கு. ஒருத்தரும் இதைச் சொன்னதில்லை” என்றார். “படத்தோட இந்த அட்டையையும் சேர்த்துக் கட்டிக் கொடுங்கம்மா. இந்த அச்சையும்.”

அப்பாடா என்று நான் அச்சு இருந்த கண்ணாடிப் பெட்டியைத் திறந்தேன். அட்டையைக் கழற்றி மேடமே அவர் கையில் கொடுத்தார். அச்சை எடுக்கப் போன என் கையைப் பிடித்து நிறுத்தினார்.

“அட்டைய எடுத்துக்கோங்கம்மா. காலடி இங்கனதான் இருக்கும். எங்க புள்ளைக பார்க்கணும்.”