அண்ணனுக்காக நான் வைத்த கையெழுத்து

கடலுக்குப் போகுமுன் கடற்படைக் காவலரணில், தொழிலுக்குப் போக அனுமதி தரும் பாஸ் கொப்பியைக் காட்ட வேண்டும். தாழ்வுபாடு என்ற எங்கள் கரையோர ஊரில் அண்ணனும் நானும் ஒரே படகு. கொப்பியில் இருவரும் கையெழுத்து வைக்க வேண்டும். அண்ணனின் கையெழுத்து சுருங்கி, எழுத்துகள் விடுபடத் தொடங்கின. பேனாவோடு அவர் யோசித்து நிற்க, பின்னால் வரிசை முணுமுணுக்கும். வெட்கத்தில், அவருடைய பழைய கையெழுத்தைப் பார்த்து, வீட்டிலேயே அவருக்கும் சேர்த்து வைத்துவிடுவேன்.

ஒருநாள் கரை மறைந்த பிறகு, எஞ்சினைப் பிடித்திருந்த அண்ணன் என்னை உற்றுப் பார்த்தார்.

“தம்பி, நீங்கள் ஆரின்ர மகன்?”

என்னை ‘நீ’ என்றே கூப்பிட்டவர் அவர். எஞ்சினை நான் வாங்கி, படகைக் கரைக்குத் திருப்பினேன்.

ஆஸ்பத்திரியில் டொக்டர் அண்ணனுடைய பழைய கையெழுத்துகளைக் கேட்டார். கொப்பியைக் கொடுத்தேன்.

“இதுவரைக்கும் மோசமாகிக்கொண்டு வருது. பிறகு ஆறு மாதமாய் எப்பிடி நல்லாக் கிடக்கு?”

“அது நான் வைச்சது, டொக்டர்.”

அவர் கொப்பியை மூடினார்.

இப்போது தனியாகத்தான் போகிறேன். கையெழுத்து வைத்ததும், நேற்றையதோடு ஒப்பிட்டுப் பார்க்காமல் படகைத் தள்ளுவதில்லை. அவரும் நானும் ஒரே வயிற்றில் பிறந்தவர்கள்.